மடத்துக் கதவின் திறாங்கு

மரியதாஸ் அண்ணை இறந்துவிட்டார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மோர்னிங்சைட்டில் உள்ள தன் வீட்டில், தன் கட்டிலில். இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபத்து மூன்று வயது.

எனக்குச் செய்தி வந்தபோது நான் என் களஞ்சியத்தில் நின்று கருவாட்டுப் பெட்டிகள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மனைவி றெஜினா அக்கா.

"சிவம், அவர் போட்டார்."

"எங்கை?" என்று கேட்டேன். ஆறு வருடமாக அந்த மனிதர் எங்கும் தூரம் போவதில்லை என்று தெரிந்திருந்தும் கேட்டேன்.

"எங்கையோ? கட்டிலிலதான். தேத்தண்ணி கொண்டு போய் எழுப்பினன், எழும்பேல்ல. முன்கதவு வழமைபோலப் பூட்டாமல்தான் கிடந்தது. அம்புலன்ஸ்காரர் தட்டாமலே வந்திட்டினம்."

அக்கா அழவில்லை. நானும் அழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இனி என் முறை என்ற பயம். சாகிற முறை அல்ல. சொல்கிற முறை.

அவருடைய மகள் மெலனி இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டாள். "அங்கிள், ஒரு பேஜ் போதும். நைஸ் ஸ்ரோரீஸ் மட்டும், ஓகே?" என்றாள். ஒரு பக்கத்தில் முடியாது, மகள். நல்ல கதையும் இல்லை. அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் எப்படிப் போயின என்று நீங்கள் எல்லோரும் நம்பிய கதை ஒன்று இருக்கிறது. அது பாதிக் கதை. மற்றப் பாதியை எழுதுவதாக நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்கள் இதை வாசிக்கப் போவதில்லை. என்றாலும் முறைக்குச் சொல்கிறேன். தீவுப் பகுதியில் பிறந்தவர். எண்பதுகளில் சுவிஸுக்குப் போய் ஒரு மலை ஹோட்டலில் கோப்பை கழுவினார். அங்கே இருந்த சமையற்காரன் லீவு நாட்களில் இவரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் ஆட்கள் அங்கே குளிரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த காலத்தில் இவர் கயிறு கட்டி ஏறப் பழகினார். பிறகு கனடா. இருபத்தேழு வருடம் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளர் வேலை. கோடை வந்தால் மேற்கே மலைக்குப் போவார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் நடைக்குழு.

நடைக்குழுவில் இருந்தவர்களுக்கு அந்த மார்ச் மாதத்து நடை நினைவிருக்கும். வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. பாதி வழியில், பாலத்தடியில், அண்ணை நின்றுவிட்டார். "திரும்புவம்" என்றார். எங்களில் ஒருவர் பகிடி விட்டார்: "அண்ணைக்கு வீட்டில மனிசிக்குப் பயம் எண்டு தெரியும். வெயிலுக்கும் பயம் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்." எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் திரும்பி நடந்தார். நாங்கள் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினோம், உறைமழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் நின்ற பாலத்தடியில் மரம் முறிந்து விழுந்ததை அடுத்த ஞாயிறு பார்த்தோம். "எவ்வளவு காத்து வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது," என்றார் அன்றைக்கு. "எப்ப வரும் எண்டு மட்டும் கேள். அதுக்கு முந்தித் திரும்பலாம்."

இன்னொரு பேச்சும் அவரிடம் இருந்தது: "மேல போய்க் கதைப்பம்." கஷ்டமான கேள்வி எதைக் கேட்டாலும் அதுதான் பதில். மெலனிக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லையா என்று கேட்டால், மேல போய்க் கதைப்பம். எங்கே மேலே என்று யாருக்கும் தெரியாது.

நான் அவரோடு மலைக்குப் போன காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் வியாபாரி. கோட்டுப் பைக்குள் ரெலிபோன் காட் வைத்து விற்றுத் தொடங்கியவன். காரணம் இல்லாமல் ஓரிடமும் போகமாட்டேன். நடைக்குழுவுக்குப் போனதும் சீனி வருத்தத்துக்கு வைத்தியர் நடக்கச் சொன்னதால்தான். அங்கேதான் பார்த்தேன்: மரியதாஸ் அண்ணை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஆட்களை எண்ணுவார். ஒரு ஆள் குறைந்தால் அடுத்த அடி வைக்கமாட்டார். எனக்கு அப்போது பெரிய களஞ்சியம் எடுத்த நேரம். அப்படி ஒரு மனிதர் அங்கே பொறுப்பாக நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும், "மேல போய்க் கதைப்பம்." நாலாம் தரம் நான் மலையேறும் சப்பாத்து வாங்கிவிட்டேன்.

அது ஆறு வருடத்துக்கு முந்திய செப்டெம்பர். கல்கரிக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் கார். பாதை தொடங்கும் இடத்தில் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா உள்ளுக்கு?"

"சாப்பாடு அண்ணை. கொஞ்சம் தட்டை வடை."

"கொஞ்சமோ? ஒரு கலியாணத்துக்குக் காணும். இதை ஆர் காவிறது?"

"நான்தான்."

"ரெண்டாம் மணித்தியாலம் நீ என்னை மச்சான் எண்டு கூப்பிடுவாய். நான் பையை வாங்கமாட்டன்."

ஏழு மணித்தியாலம் ஏறினோம். காடு முடிந்தது, புல் முடிந்தது, பிறகு கல் மட்டும். வடைப் பையை மூன்றாவது மணித்தியாலத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தன் முதுகில் போட்டார். நான் களஞ்சியப் பேச்சை எடுக்க வாய் திறக்கும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். "ஒண்டு," என்று என்னை எண்ணுவார். ஆட்கள் என்று இருந்தது நான் ஒருவன்தான்.

பின்னேரம் நாலு மணியளவில் அந்தக் குடில் தெரிந்தது. மலையேறுகிறவர்கள் இரவு தங்குவதற்கென்று கட்டி விட்டது. காவல்காரன் இல்லை, சமையற்காரன் இல்லை, பூட்டும் இல்லை. "இங்கிலிசில ஹட் எண்டுவாங்கள்," என்றார். "நான் மடம் எண்டுதான் சொல்லுறது. வாறவன் ஆரெண்டாலும் படுத்திட்டுப் போகலாம்." பாறை விளிம்பில் ஒரு தகரப் பெட்டி போல இருந்தது. நான்கு மூலையிலும் இரும்பு வடம் கட்டிப் பாறையில் அறைந்திருந்தார்கள்.

"ஏன் அண்ணை வீட்டைக் கட்டிப் போட்டிருக்கு?"

"ஓடாமல் இருக்க."

"பகிடியோ?"

"இல்லை. முந்தி இருந்த மடம் காத்தோட போட்டுது. இது ரெண்டாவது."

உள்ளே பத்துப் பேர் படுக்க இரண்டு தட்டுப் பலகை, ஒரு காஸ் அடுப்பு, ஒரு மேசை. மேசையில் ஒரு கொப்பி. வருகிறவர்கள் பெயரும் எங்கே போகிறார்கள் என்பதும் எழுதவேண்டும். கடைசியாக எழுதியிருந்தவர் ஒன்பது நாளைக்கு முதல் வந்தவர். ஆங்கிலத்தில் மூன்று வரி: நண்பர்கள் இரண்டு பேரை எதிர்பார்த்து இருக்கிறேன், அவர்கள் வரவில்லை, தேடிக்கொண்டு இறங்குகிறேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவர்கள் வந்ததாகவும் இல்லை, இவர் திரும்பியதாகவும் இல்லை.

"அண்ணை, இதை வாசிச்சனீங்களே?"

"வாசிச்சன். நீ உன்ர பேரை எழுது. முழுப்பேர் எழுது, தகப்பன்ர பேரோட. தேடுறவைக்குச் சுகமா இருக்கும்."

பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. எழுதினேன். (அந்த மூன்று பேரும் வேறு பாதையால் சுகமாக இறங்கிவிட்டார்கள் என்று பிறகு விசாரித்து அறிந்தோம். அன்றைக்கு அது தெரியாது.)

கதவு உட்பக்கமாகத் திறப்பது. கொளுக்கி ஒன்று, தேய்ந்து போனது. அதைவிடக் கதவின் குறுக்கே போட ஒரு கனத்த மரத்தடி, இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி. எங்கள் ஊர்க் கதவுகளில் உட்புறம் குறுக்கே போடுகிற அதே திறாங்குதான். கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அண்ணை அதில் விரல் வைத்துத் தமிழில் சொன்னார்: "எல்லாரும் உள்ளுக்கு வந்தாப் பிறகுதான் திறாங்கு." அன்றைக்கு அந்த வலது கையில் ஐந்து விரலும் இருந்தன.

தண்ணீர்ப் பீப்பாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழே பத்து நிமிட இறக்கத்தில் ஒரு நீரோடை இருக்கிறது, இருட்டினால் உறைந்துவிடும் என்றார். இரண்டு கலனை எடுத்தார். நானும் வாறன் என்றேன்.

"உன்ர முழங்காலைப் பாத்தனியே? நீ இரு. அடுப்பைப் பார்."

"காத்து வருமே அண்ணை?"

"வரும்."

"எப்ப?"

அவர் வாசலில் நின்று மேற்கே பார்த்தார். மேற்கே மலைகளின் மேல் ஒரு சாம்பல் கோடு. முன்பு அது அங்கே இல்லை.

"போய் வர நேரம் இருக்கு. கதவைச் சாத்து. திறாங்கு போடாத."

வெளியே நின்று ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். உள்ளே இருட்டியது. அவருடைய சப்பாத்துச் சத்தம் கல்லில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் விளக்கைக் கொளுத்தினேன்.

முதலில் வந்தது காற்று அல்ல, அமைதி. காது அடைத்தது போல ஒரு அமைதி. பிறகு குடில் முழுவதும் ஒரு பக்கம் தள்ளுப்பட்டது. கதவு படாரென்று திறந்தது. சாத்தினேன். மறுபடி திறந்தது. கொப்பியின் தாள்கள் பறந்தன, விளக்கு ஆடியது, வெளியே வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. முதுகைக் கொடுத்துச் சாத்தித் திறாங்கைத் தூக்கிப் போட்டேன். அவருடைய சத்தம் கேட்டதும் எடுப்பேன் என்றுதான் போட்டேன். இதுவரைக்கும் என்னில் பிழை சொல்லமாட்டீர்கள்.

நான்கு வடங்களும் பாடத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. நான் கீழ்ப்பலகையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்த நான்கையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணித்தியாலம் ஏறிய உடம்பு. எப்போது கண் மூடினேன் என்று தெரியாது.

விழித்தபோது மூன்றுதான் பாடின. வாசல் பக்கத்து வடம் நின்றுவிட்டது. அறுந்து போயிற்று, இனி வீடு போகப் போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் கதவில் தட்டு விழுந்தது. மூன்று தட்டு. கையால் அல்ல, முழங்கையால் தட்டுவது போல, கதவின் அடிப் பக்கத்தில்.

என் கை விளக்கை அணைத்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். கை அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊரில் ஒரு இரவு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "ஆர்?" என்று அப்பா கேட்டார். "நான்தான்" என்று ஒரு குரல் சொன்னது. அப்பாவுக்குத் தெரிந்த குரல். திறாங்கை எடுத்தார். என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஐந்து நிமிடத்தில் விடுகிறோம் என்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா வைத்த சட்டம் ஒன்று: தட்டினால் விளக்கை அணை, நிலத்தில் படு, மூச்சை விடாதே. ஸ்ரௌவ்வில்லில் உள்ள என் வீட்டுக்கு இன்றைக்கும் மூன்று பூட்டு.

நான் பலகைக்குக் கீழே நிலத்தில் படுத்தேன். மறுபடி தட்டினார். "சிவம்," என்று கூப்பிட்டார். காற்று அதைக் கிழித்துக்கொண்டு போனது. "சிவம், நான்." பிறகு பேர் இல்லை, தட்டு மட்டும். இடைவெளி கூடிக்கொண்டு போனது. மூன்று வடங்கள் பாடின. நான் எண்ணிக்கொண்டு கிடந்தேன், என்னத்தை எண்ணினேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு தட்டு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாலாவது வடம் மறுபடி பாடத் தொடங்கியது.

அதுதான் என்னை எழுப்பியது. இருட்டுக்குள் தட்டுத் தடுமாறிப் போய்த் திறாங்கைத் தூக்கினேன். கதவோடு சேர்ந்து ஒரு மனிதரும் உள்ளே சரிந்தார். விளிம்பில் காற்று தள்ளிவிடாமல் இருக்க, அதுவரை அவர் வாசல் பக்கத்து வடத்தை வலது கையால் பிடித்துக்கொண்டு குந்தியிருந்திருக்கிறார். அதனால்தான் அது பாடவில்லை. இடது கையில் கையுறை இருந்தது. வடம் இருந்த பக்கத்து வலது கையில் இல்லை. தண்ணீர் மொள்ளும்போது ஓடையில் போய்விட்டது. ஈரக் கை, இரும்பு வடம், நாற்பது நிமிடம். நாற்பது என்பது அவருடைய மணிக்கூட்டின்படி. இரண்டு கலனையும் கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தார். இரண்டும் நிறைந்து, மூடி பூட்டியபடி.

"முதல்ல தண்ணியை உள்ளுக்கு எடு," என்றார்.

எடுத்தேன். கதவை இரண்டு பேருமாகத் தள்ளிச் சாத்தினோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"இப்ப போடு திறாங்கை. எல்லாரும் உள்ளுக்குத்தானே."

தண்ணீரை எவ்வளவு சூடாக்கவேண்டும் என்று அவரே சொன்னார். கையை அதற்குள் வைத்தபோது அவருடைய முகம் போன போக்கை நான் எழுதமாட்டேன். ஒரு கட்டத்தில், "உன்ர வடையைக் கொண்டா. நான் காவினது வீணாப் போகக்கூடாது," என்றார். இடது கையால் கடித்துக்கொண்டு வலது கையைச் சட்டிக்குள் வைத்திருந்தார். இரண்டு விரல் மட்டும் நிறம் திரும்பவில்லை. மெழுகு போலவே இருந்தன.

அந்த இரவில் கதவு பல தடவை தட்டுப்பட்டது. ஒவ்வொரு தடவையும் நான் திடுக்கிட்டு எழும்பினேன். ஒவ்வொரு தடவையும் அவர் இருட்டுக்குள் இருந்து, "அது காத்து," என்றார்.

"எப்பிடி அண்ணை தெரியும்?"

"காத்துக்கு உன்ர பேர் தெரியாது."



காலையில் வானம் கழுவி விட்டது போல இருந்தது. இறங்கினோம். அவர் முன்னே, நான் பின்னே. பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்: "நான் எண்டு தெரிஞ்சுதே?"

"இல்லை அண்ணை. காத்துச் சத்தத்தில ஒண்டும் விளங்கேல்ல. ஆரோ எண்டு நினைச்சன்."

"சரி," என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போய், "ஒண்டு," என்று எண்ணினார்.

மோதிர விரலும் சின்ன விரலும் நடு மூட்டுக்கு மேல் போயின. கல்யாண மோதிரத்தைப் பிறகு றெஜினா அக்கா இடது கையில் போட்டுவிட்டார். அதோடு கயிறு பிடிக்கும் வேலை முடிந்தது, மலையும் முடிந்தது. உங்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கையுறை தண்ணியோட போட்டுது. சிவம் இல்லாட்டி நான் இறங்கியிருக்கமாட்டன்." ஒரு சொல்லும் பொய் இல்லை. நீங்களே மிச்சத்தைக் கட்டிக்கொண்டீர்கள். அடுத்த ஒன்றுகூடலில் தேவாலய மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நண்பனைக் காப்பாற்றி மலையிலிருந்து இறக்கியவன் என்று. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். முன்வரிசையில் மரியதாஸ் அண்ணை இருந்து கைதட்டினார். எட்டு விரலால் தட்டும் சத்தம் வேறு மாதிரி. மண்டபத்தில் அத்தனை பேர் தட்டியும் எனக்கு அது தனியாகக் கேட்டது. பொன்னாடை இன்னும் பிரிக்காத பிளாஸ்ரிக் பையோடு என் அலுமாரியில் கிடக்கிறது.

அந்த மலைக்குப் பிறகுதான் அவர் தன் வீட்டு முன்கதவைப் பூட்டாமல் விட்டார். ஸ்காபரோவில்! ஒருமுறை தெருவில் திரிகிற றக்கூன் ஒன்று வந்து குசினியில் இருந்த பாண் துண்டுகளைத் தின்றுவிட்டுப் போனது. "மனிசனுக்கு விசர்," என்று றெஜினா அக்கா கத்துவார். "வாறது ஆரெண்டாலும் தட்டாமல் வரட்டுமன்," என்பார் இவர். நான் மட்டும் தட்டுவேன். கதவு திறந்திருந்தாலும் எனக்குத் தட்டாமல் போக மனம் வராது. உள்ளே இருந்து அவர், "ஆர்?" என்பார். "நான், சிவம்," என்பேன். "தெரியும், வா," என்பார். ஆறு வருடம், ஒவ்வொரு தடவையும் அதே மூன்று பேச்சு. அந்தத் "தெரியும்" என்ற சொல்லை அவர் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வார்.

இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன் போயிருந்தேன். நன்றாகத்தான் இருந்தார். என்னை வாகனம் வரை கொண்டுவந்து விட்டார். கண்ணாடியில் அந்தக் கையை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"எழுதத் தொடங்கிட்டியே?"

"என்ன அண்ணை விசர்க் கதை. நீங்கள் நூறு வயசு இருப்பியள்."

"நான் எவ்வளவு எண்டு கேக்கேல்ல. எப்ப எண்டுதான் பாக்கிறன்." தெருவின் மேற்கு முனையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. குப்பை எடுக்கும் லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே எழுதுகிறேன். முதல் தட்டுக்கு நான் ஊரில் இருந்தேன். அது யார் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. ஆனால் "சிவம்" என்று கூப்பிட்டபோது தெரிந்தது. மரியதாஸ் அண்ணையின் குரல் என்று நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் நிலத்தில் கிடந்தது என் அண்ணனுக்காக அல்ல, அம்மாவின் சட்டத்துக்காகவும் அல்ல. முந்திய மடம் காற்றோடு போன கதை என் தலையில் நின்றது. இந்தத் திறாங்கை எடுத்தால் கதவை மறுபடி சாத்த முடியாமல் போகலாம், இரண்டு பேரும் போவோம், எடுக்காவிட்டால் ஒருவர்தான். நான் வியாபாரி, கணக்குப் பார்த்தேன். காற்றுக் குறையட்டும் என்று காத்திருந்தேன். என் நண்பர் வெளியே பேர் சொல்லிக் கூப்பிட, நான் உள்ளே காற்றுக் குறைகிறதா என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவர் செத்துவிட்டார் என்று நினைத்த பிறகுதான் எழுந்தேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் றெஜினா அக்காவிடம் கொண்டுபோனேன். தட்டினேன். "ஆர்?" என்று கேட்க ஆள் இல்லை. உள்ளே போய் மேசையடியில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அக்கா கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் மடித்த துணியை மேசையில் வைத்தார்.

"அவர் எனக்கும் சொல்லேல்ல," என்றார்.

"தெரியும் அக்கா."

"போடுங்கோ. அவர் கேட்டதெண்டால் போடுங்கோ." எழுந்து என்னோடு வாசல் வரை வந்தார். போயிட்டு வாங்கோ என்று சொல்லவில்லை. நான் படியில் இறங்கியதும் பின்னால் கதவு சாத்துப்பட்டது. பிறகு பூட்டுத் திரும்பும் சத்தம். ஆறு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். அது எனக்குச் சரியான கூலி என்று நினைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பொருள்தான். இடது கைக் கையுறை. ஆஸ்பத்திரியில் என் மடியில் எறிந்தார். "ஒற்றைக் கையுறையை உன்னாலயும் விக்கேலாது. நீயே வைச்சிரு," என்றார். களஞ்சியத்தில் என் மேசையின் மேல் இழுப்பு லாச்சியில் இருக்கிறது. இப்போது என் வீட்டு வாசலில் யாராவது தட்டினால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நானே எழுந்து போகிறேன். பூட்டு மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் திறக்க எடுக்கும் நேரம் எனக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பது, நாங்கள் பேசி முடித்த விலை. அது மலையடிவாரத்தில், வாடகைக் காருக்குள் நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் காரை ஓடிக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்தபடி அவர் பக்கத்தில் இருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. களஞ்சியப் பொறுப்பு உங்களுக்குத்தான் அண்ணை, சம்பளம் நீங்கள் சொல்லுகிறதுதான், வேண்டுமென்றால் பங்கும் எழுதித் தருகிறேன் என்று அடுக்கிக்கொண்டு போனேன். அவர் முடிக்கவிட்டார்.

"மேல போய்க் கதைப்பம் எண்டு சொன்னனான்," என்றார். "மேல போட்டு வந்திட்டம். இப்ப கதைப்பம். உன்ர வேலையும் வேண்டாம், பங்கும் வேண்டாம். நான் இருக்குமட்டும் நான் வாய் திறக்கமாட்டன், றெஜினாவுக்கும் சொல்லமாட்டன். அது என்ர பக்கம். நான் போனாப் பிறகு, முப்பத்தோராம் நாளுக்கு முந்தி, நீ திறக்கவேணும். உன்ர பேரைப் போட்டு, எல்லாரும் வாசிக்க. தெரியேல்ல எண்டு இண்டைக்குச் சொன்னனி. அதில அந்தச் சொல் வரக்கூடாது. தெரிஞ்சுது எண்டு வரவேணும். சம்மதமே?"

"ஓம்," என்றேன்.